தட்டில் மிஞ்சும் ஒன்று

கெர்டாவுக்குச் சமையலில் பெயர் கிடையாது. ஹெர்னசாண்ட் ஊரில் ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலயக் கூடத்தில் காப்பி வைக்கும்போது, ஏழு வகைப் பலகாரம் சுட்டு அடுக்கும் பெண்களோடு அவளை யாரும் சேர்த்ததில்லை. அவளும் அதற்காக வருந்தியதில்லை. கணவன் ஹில்டிங்குக்குச் சர்க்கரை வியாதி முற்றி, இடது கால் முழங்காலோடு போன பிறகுதான் மாவும் கையுமாக ஆனாள்.

மிச்சமிருக்கும் வலது காலைக் காப்பாற்ற வேண்டும். வேறு நினைப்பே அவளுக்கு இல்லை. காப்பிக்குக் கடித்துக்கொள்ள இனிப்பு இல்லாவிட்டால் ஹில்டிங் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். அவனை மாற்ற முடியாது, பலகாரத்தை மாற்றலாம் என்று ஓட்ஸ் பிஸ்கட் சுட இறங்கினாள். ஓட்ஸை வெண்ணெயில் லேசாக வறுத்தாள். சர்க்கரையைப் பாதியாக்கி, பிறகு அதிலும் பாதியாக்கினாள். உலர்ந்த ஆப்ரிகாட்டையும் திராட்சையையும் பொடியாக நறுக்கிப் போட்டாள். பழத்திலும் சர்க்கரை உண்டு என்று நர்ஸ் எச்சரித்திருந்ததால் அதையும் கிள்ளித்தான் போட்டாள். முதல் ஈடு கல். அடுத்தது தொட்டால் உதிர்ந்தது. அப்புறம் ஒருமாதிரி தேறியது.

காலைக் காப்பிக்கு வராந்தாவில் அவனது சக்கர நாற்காலி அருகே தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பக்கத்தில் நின்றால் அவனுக்கு ஆகாது. திரும்பி வரும்போது தட்டில் ஒன்றே ஒன்று இருக்கும். கடைசியாக மிஞ்சுவதை அந்த ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள். எவ்வளவு பசித்தாலும் சரி, எடுத்தவனுக்குப் பேராசைக்காரன் என்று பெயர். அதனால் அந்த ஒற்றைப் பிஸ்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் கெர்டாவுக்கு வயிறு குளிர்ந்தது. பிடிக்காதவன் கடித்துப் பாதியை வைப்பான். ருசித்துத் தின்றவன்தானே ஒன்றை மரியாதையாக விட்டுவைப்பான்? பாவம், அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கவே இல்லை. மாவில் சர்க்கரையை அடியோடு நிறுத்திப் பார்த்தாள். வலது கால் கட்டைவிரல் கறுத்தது.

வசந்தத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி மாய் வேலியோரம் நின்று சிரித்தாள். "ஒங்க வீட்டுக் காக்காய்ங்க எல்லாம் நல்லாக் கொழுத்துப்போச்சு கெர்டா. ஹில்டிங் தெனமும் பிஸ்கட்ட வீசுறாரே, நீ பாத்ததில்லயா?" அவள் சூதுவாது தெரியாதவள். தான் சுடும் இலவங்கப்பட்டை பன்னாவது அவருக்குப் பிடிக்கிறதே, டாக்டரே சாப்பிடச் சொன்னாராமே, அதனால் தினமும் வேலிக்கு மேலே கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

கெர்டா கத்தவில்லை. வராந்தாவுக்குப் போய் நின்றாள்.

"நல்லா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

ஹில்டிங் தன் கால்விரலையே பார்த்தான். "தட்டப் பாத்ததும் ஒன் மூஞ்சி எப்படி மலரும்னு ஒனக்குத் தெரியாது. அதப் போய் எப்படிக் கெடுக்கறது?"

"அந்த ஒண்ண மட்டும் ஏன் விட்டே?"

"விடலன்னா நீ நம்பியிருக்க மாட்டே."

அவனை அறையலாம் போலிருந்தது அவளுக்கு. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுதது அவனுக்குக் கேட்டிருக்காது.

இலையுதிர் காலத்தில் வலது காலும் போயிற்று. புண் மூடவில்லை. இனி மருத்துவமனையில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் மெல்லிய குரலில் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் கெர்டா மறுபடி ஓட்ஸ் பிஸ்கட் சுட்டாள். ஆப்ரிகாட் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. சர்க்கரையை அளக்காமல் அள்ளிப் போட்டாள். தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு இந்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஹில்டிங் ஒன்றைக் கடித்தான், அவளைப் பார்த்தான். நிதானமாகத் தின்றான். ஜன்னலுக்கு வெளியே காக்கைகள் காத்துக் கிடந்தன.

தட்டில் ஒன்று மிஞ்சியபோது, பழக்கத்தில் அவன் கை நின்றது.

"எடுத்துக்கோ," என்றாள் கெர்டா. "இனிமே என்ன மரியாதை."

அவன் அதையும் எடுத்துத் தின்றான். அவள் காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.