ஜிப் அக்காவின் இமைகள்

கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பதற்கு முன் ஜிப் அக்கா தன் கைகளைப் பார்ப்பார். நகத்தடியில் ஒரு நூல் துணுக்குகூட இருக்கக் கூடாது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி உதறிவிட்டு, எங்கள் மாடி வராந்தாவின் கோடியில் இருக்கும் பொதுக் கழுவு தொட்டியின் மேல் குனிவார். அமுக்கினால் நுரை மட்டும் வருகிற ஒரு சின்ன பாட்டில். அந்த நுரையை மூடிய கண்ணின் மேல் வைத்து, மெல்லிய பிரஷ்ஷால், பசை போட்டு ஒட்டிய செயற்கை இமைமுடிகளை அடியிலிருந்து நுனி வரை நீவுவார். அழுத்தமே இருக்காது.

"தேச்சா போச்சு டீச்சர், பசை விட்டுரும். கோழிக்குஞ்சைக் குளிப்பாட்டற மாதிரி பண்ணணும்."

நான் பின்னால் எச்சில் தட்டோடு நின்றுகொண்டிருப்பேன். எங்கள் மாடியில் தனித்தனி அறைகளில் நாலு பெண்கள், தொட்டி ஒன்றுதான். அவர் அவசரப்பட மாட்டார். உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி நுரையை வழித்து விடுவார். பஞ்சு உபயோகிக்க மாட்டார். அதன் இழை ஒட்டு இமையில் சிக்கிக்கொள்ளுமாம். கண்ணாடி துடைக்கிற வழவழப்பான துணியால் ஒற்றி எடுப்பார். பிறகு பேட்டரியில் ஓடும் கைவிசிறியைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். கடைசியில் சுருள் பிரஷ்ஷால் ஒவ்வொரு முடியையும் பிரித்துச் சீவுவார். எண்ணெய் ஆகாது, கண்மை ஆகாது, அடுப்பு ஆவி ஆகாது. குக்கர் சத்தம் போட்டால் வராந்தாவுக்கு ஓடி வந்துவிடுவார். குப்புறப் படுத்து எத்தனையோ காலம் ஆகிறது.

இத்தனைக்கும் அவர் அலங்காரப் பிரியர் அல்ல. ஐம்பதைத் தாண்டியவர். நரைக்குச் சாயம் பூசுவதில்லை. செருப்பு வார் அறுந்தால் தைத்துப் போட்டுக்கொள்வார். கடைத்தொகுதியின் மாடிப்படிக்கு அடியில், ஒரு தையல் மெஷினும் ஒரு ஸ்டூலும் துணி மாற்றத் திரைச்சீலையும் மட்டுமே கொள்ளும் ஒரு பொந்து. அதுதான் அவர் கடை. பேண்ட்டைக் குட்டையாக்குவது, கோட்டைப் பிடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது. ஜிப் போனால் எல்லாருக்கும் அவர் நினைவு வரும்; ஜிப் ஓடத் தொடங்கியதும் மறந்துவிடும். நாள் முழுக்கத் துணியின் பஞ்சுத் தூசி பறந்து அவர் இமைகளில் வந்து உட்காரும். அதனால்தான் சாயங்காலம் தவறாமல் இந்தக் கழுவல்.

ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து தம்பி வீடியோவில் கூப்பிடுவார். குரல் வராந்தா முழுக்கக் கேட்கும்.

"ஏன்க்கா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தத் துடைப்பம்? யாரு பாக்கப் போறா?"

"பாக்கறதுக்காடா வச்சிருக்கேன்?" என்பார் அக்கா. தம்பி சிரிப்பார். கூட இருக்கும் பிள்ளைகளும் சிரிப்பார்கள். போன் வைத்த பிறகும் அக்கா சிறிது நேரம் திரையைப் பார்த்தபடி இருப்பார்.

இது தொடங்கிய கதையை அவரே சொல்லியிருக்கிறார். கடைத்தொகுதியின் மேல் மாடியில் ஓர் அழகு நிலையம். அங்கே புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வேலைக்கோட்டைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தாள். தைத்து முடித்ததும், "அக்கா, நான் இமை ஒட்டப் பழகிட்டிருக்கேன். உங்க கண்ணைக் குடுப்பீங்களா?" என்று கேட்டாளாம்.

"கண்ணைக் குடுன்னதும் நான் செத்தப்புறம் எடுத்துக்கறது போலன்னு நினைச்சு, சரி தாயி, கையெழுத்து எங்க போடணும்னு கேட்டுட்டேன்!" இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு வரும். உடனே விரலால் துடைக்கப் போய், நினைவு வந்து, கையைக் கீழே இறக்கிக்கொள்வார்.

ஒட்டி முடித்த இமைகளைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. அந்தக் கட்டிலைப் பற்றித்தான் சொல்வார். படுக்க வைத்து, போர்வை போர்த்தி, கழுத்துக்கு அடியில் சின்னத் தலையணை செருகுவாளாம். கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தலைமாட்டில் உட்கார்வாளாம். வேலை செய்யும்போது அவளுடைய மணிக்கட்டு நெற்றியில் ஊன்றியிருக்கும். நடுநடுவே, "குளிருதாக்கா? தூங்குங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்பாளாம்.

"நான் பாத்துக்கறேன்னு சொல்லுது டீச்சர், அந்தப் பொண்ணு." அந்த வாக்கியத்தை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் முதல் தடவை சொல்வது போலத்தான்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய், உதிர்ந்த இடங்களில் புதிது ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த நாளுக்கு முந்தின மாலை அக்கா தலைக்குக் குளிப்பார். ஆனால் ஒருநாள் போன வேகத்தில் திரும்பி வந்தார். தொட்டியருகே நின்றிருந்த என்னிடம், "பாராட்டு கிடைச்சுது" என்றார்.

"யார் பாராட்டினாங்க?"

"அந்தப் பொண்ணுதான். உங்களை மாதிரி யாருமே சுத்தமா வச்சுக்கறதில்லக்கா, ஒட்டறதுக்கு இடமே இல்ல, இனிமே அஞ்சாறு வாரம் கழிச்சு வந்தாப் போதும்னு சொல்லிட்டா. மத்தவங்ககிட்ட என்னைக் காட்டிச் சொல்றாளாம்."

"நல்ல விஷயம்தானே அக்கா!"

"நல்ல விஷயம்தான்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். அன்று நுரை பாட்டில் வெளியே வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குத் தொட்டி உடனே கிடைத்தது. முதலில் எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. பிறகு கேட்டேன்.

"கை ஓயல டீச்சர். ஸ்கூல் யூனிஃபாரம் சீசன்" என்றார்.

பஞ்சுத் தூசி இமைகளில் சாம்பல் பூத்தாற்போல் படியத் தொடங்கியது. முடிகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. அவர் சுருள் பிரஷ்ஷைத் தொடவில்லை. சொன்ன காலத்துக்கு வெகு முன்பே மேல் மாடிக்குப் போனார். அன்று நன்றாக இருட்டிய பிறகே வீடு திரும்பினார். முகம் தூங்கி எழுந்த குழந்தையின் முகம் போல் இருந்தது.

"என் கண்ணுல இன்னிக்கு அவளுக்கு நிறைய வேலை இருந்துச்சாம், பாவம்" என்றார்.

அதற்கடுத்த முறையும் கழுவாமல் விட்டபோதுதான் விஷயம் முற்றியது. காலையில் அவர் கதவைத் திறந்து, சுவரைத் தடவிக்கொண்டு வந்து, என் கதவைத் தட்டினார். இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிப் போயிருந்தன. இமை விளிம்பு சிவந்து வீங்கி, செதில் செதிலாக இருந்தது. வெந்நீரில் துணி நனைத்து ஒற்றித் திறந்துவிட்டேன். பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அழுக்கு சேர்ந்து வந்த அழற்சி, ஒட்டு இமைகளை எடுத்தே ஆக வேண்டும் என்றார் மருத்துவர்.

அங்கிருந்து நேரே மேல் மாடிக்குப் போனோம். அழகு நிலையத்துப் பெண் அதிர்ந்து போனாள். "நீங்களாக்கா இப்படி? மத்தவங்களுக்கு உங்களைத்தானே சொல்லிட்டிருந்தேன்" என்றாள். களிம்பு தடவி, கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டாள். டிஷ்யூவின் மேல் அவை எறும்புக் கூட்டம் போலக் கிடந்தன. "நல்லா ஆறட்டும்க்கா. அப்புறமும் உங்களுக்கு நான் ஒட்ட மாட்டேன், பயமா இருக்கு." அவள் கோபமாகச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள். அக்கா அவள் கையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

சில நாட்கள் காலையும் மாலையும் நான்தான் அவருக்குச் சுடுதுணி ஒற்றடம் கொடுத்து, இமை விளிம்பைத் துடைத்து, சொட்டு மருந்து விட்டேன். ஒட்டு இமைகள் போன பிறகு சொந்த இமைகள் அங்கங்கே குட்டையாக, வெளிறித் தெரிந்தன. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது, மூடிய கண்ணோடு அவரே பேசினார்.

"நான் வேணும்னுதான் கழுவல டீச்சர்."

நான் துணியை எடுக்கவில்லை.

"சுத்தமா வச்சிருந்தா சீக்கிரம் எழுப்பி விட்டுடறா."

துணி ஆறிவிட்டது, மறுபடி வெந்நீரில் நனைத்துப் பிழிந்தேன். "வேற எதுக்காவது போகலாமே அக்கா. தலை மசாஜ் மாதிரி" என்றேன்.

"கேட்டுட்டேன். அதெல்லாம் வேற பொண்ணு பண்ணுதாம்" என்றார். பிறகு, "விடுங்க. இந்த வயசுல என்ன கூத்து" என்று சிரிக்கப் பார்த்தார். சொட்டு மருந்து கன்னத்தில் வழிந்தது. அதைத் துடைத்துவிட்டேன்.

கண் ஆறியது. வேலைக்குப் போகத் தொடங்கினார். இமைகளைத் தானே துடைத்துக்கொள்கிறார், சுருக்கமாக, இரண்டு நிமிடத்தில். தொட்டிக்கு நான் காத்திருக்க வேண்டியதில்லை. நேற்று அவர் மருந்து பாட்டிலைத் தொட்டி மேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். பள்ளி விட்டதும் அதைக் கொடுக்கக் கடைக்குப் போனேன்.

பருத்த அம்மாள் ஒருவர் புது நீள கவுன் அணிந்து ஸ்டூலின் மேல் நின்றிருந்தார். அக்கா கீழே மண்டியிட்டு, உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, தரையில் புரளும் விளிம்பை மடித்துக் குத்திக்கொண்டு வந்தார். ஸ்டூல் லேசாக ஆடியது. "விழுந்துடுவேன் போல இருக்கும்மா, பிடிச்சுக்கறேன்" என்று அந்த அம்மாள் தன் உள்ளங்கையை அக்காவின் தலையில் வைத்து ஊன்றிக்கொண்டார். அக்காவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஊசி ஊசியாகச் சுற்றி வந்தது. நான் திரைச்சீலையருகே நின்றேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. உதட்டில் இருந்த ஊசிகள் தீர்ந்தன. மடிப்பு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது.

"ஆச்சாம்மா?" என்றார் அந்த அம்மாள்.

அக்கா கடைசியாகக் குத்திய ஊசியை உருவினார். மடிப்பை விரலால் நீவினார். அதே இடத்தில், மிக மெதுவாக, மறுபடி குத்தத் தொடங்கினார்.