ஜெகதாம்பாள் சொன்னதும் நான் சொன்னதும்

"அம்மா பூட்டாங்க சார்" என்று வள்ளி தொலைபேசியில் சொன்னபோது நான் பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "காலையில தறியில உக்காந்துகினு இருந்தாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க." அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. விடைத்தாள்களைக் கட்டி வைத்துவிட்டு முள்ளிப்பட்டுக்குக் கிளம்பினேன்.

வள்ளியின் அம்மா ஜெகதாம்பாளை முள்ளிப்பட்டில் அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள். கூலிக்குப் பட்டு நெய்தவர். ஒரு முறை ரேஷன் கடையில் புழு நெளிந்த அரிசியை ஒரு கை அள்ளி, எடை போடுபவரின் சோற்றுத் தூக்கில் கொட்டினார். "நீயும் துன்னு பாரு" என்றார். மறுவாரம் தெருவுக்கே நல்ல அரிசி வந்தது. அவருடைய அட்டைக்கு மட்டும் சரக்கு இல்லை என்றார்கள். அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், நாட்டின் உணவுக் கொள்கைக்கு மக்களிடம் கருத்துக் கேட்க டெல்லியிலிருந்து அதிகாரிகள் ஆரணிக்கு வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஆங்கில ஆசிரியர் என்பதால் மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள். பெரணமல்லூரிலிருந்து ஆரணிக்கு மாறுதல் கேட்டிருந்தேன். அதற்குச் சிபாரிசு செய்வதாகச் சொன்ன உள்ளூர் அதிகாரி முன்வரிசையில் இருந்தார்.

ஜெகதாம்பாள் மைக்கைப் பிடித்தார். "கடையில அரிசி இல்ல, இல்லன்னு அலைய வுட்டாங்க சார். என் சின்னவ காய்ச்சல்ல கெடந்தா. கஞ்சி வெக்கக் கைப்பிடி அரிசி இல்ல. செத்துட்டா. நீங்க இன்னா சட்டம் போட்டாலும் கடையில அரிசி இருக்குதான்னு பாத்துட்டுப் போடுங்க."

முன்வரிசை அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சில சமயம் அரிசி தாமதமாக வருகிறது, இவருடைய குழந்தைக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். டெல்லிக்காரர் புன்னகைத்து, பட்டு நெய்பவர்களுக்கும் ரேஷன் அரிசி வேண்டுமா என்று கேட்டார். அதை மட்டும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். மண்டபம் சிரித்தது.

"நெய்யறது பட்டு சார். அத வேக வெச்சித் துன்ன முடியாது" என்றார் ஜெகதாம்பாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

எனக்கு மாறுதல் கிடைத்தது. சில மாதங்கள் கழித்து, கூட்டத்தின் அறிக்கையை யாரிடமோ வாங்கிக்கொண்டு ஜெகதாம்பாள் என் வீட்டுக்கு வந்தார். படித்துச் சொல்லச் சொன்னார். ஆரணி மக்கள் பெரும்பாலும் திருப்தி தெரிவித்தனர் என்றிருந்தது.

"என் பொண்ணு செத்தது எந்தப் பக்கத்துல இருக்குது?"

"இல்லைக்கா."

"அவங்க எழுதலியா, நீங்க சொல்லலியா?"

"நான் சொல்லலை."

அவர் திட்டவில்லை. அறிக்கையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வள்ளியைத்தான் கூட்டிப்போனார். பள்ளி இறுதி வரை படித்த அவளுடைய ஆங்கிலம் திக்கும், நிற்கும். ஒரு முறை உதவட்டுமா என்று எழுந்தேன். "வேணாம் சார். தப்பா பேசினாலும் அவ பொய் பேச மாட்டா" என்றார், எல்லோர் முன்னாலும்.

ஜெகதாம்பாளின் உடலை எடுக்கிற நேரத்தில், இந்த அஞ்சலியை எழுதுவதற்காக, இறந்த சின்னவளின் பெயரை வள்ளியிடம் கேட்டேன்.

"அன்னிக்கே கேட்டிருக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஜெகதாம்பாளை அறிந்தவர்களே, அந்தச் சின்னவளின் பெயர் இல்லாமல்தான் இதை எழுதுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது, அவர் பேசி நான் விழுங்கிய அந்தச் சில வாக்கியங்கள். இன்று முழுதாகச் சொல்லிவிட்டேன். கேட்க வேண்டியவர்கள் எழுந்து போய் வெகு காலம் ஆகிவிட்டது.