எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும்?

இன்று மாத்தளை டவுனுக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போனேன்.

அண்ணன் குடும்பத்தோடு கப்பலேறி ஒரேயடியாக இந்தியாவுக்குப் போனபோது இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் ரெக்கார்ட் பிளேயரையும் என்னிடம் விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபையரை மட்டும் கொண்டுபோய்விட்டார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிகளின் மேல் என் துணிதான் காய்கிறது.

ரேடியோ கடைக்கார நானா என் ஸ்பீக்கரின் அளவைக் கேட்டுவிட்டுப் பெரிதாக ஒன்றும் சின்னதாக ஒன்றும் எடுத்து வைத்தார்.

கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் செட் வாடகைக்குப் பேசப் போனால் நாங்கள் முதலில் கேட்பதையே இங்கும் கேட்டுவிட்டேன். "நானா, எது ரொம்ப தூரத்துக்குக் கேக்கும்?"

"ஊட்டுல வெச்சிக் கேக்கத்தானே? தூரம் எதுக்கு?"

"பெரிசையே குடுங்க" என்றேன்.

"உங்கட ஸ்பீக்கருக்கு அது கூடிப்போகும் தம்பி. சத்தத்தக் கூட்டினா உள்ளுக்குள்ள கிழிஞ்சிரும். சின்னதுதான் பொருத்தம். பெட்டி ரெண்டையும் தள்ளி வெச்சி, நடுவுல உக்காந்து கேளுங்க. ஒரு ஆளுக்கு அதுதான் நல்ல இடம்."

ஒரு ஆள். என் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர் போலச் சொன்னார்.

சின்னதைத்தான் வாங்கி வந்தேன். நடுவில் நாற்காலி போட்டு ஒரு பாட்டுக் கேட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது. பக்கத்தில் சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த பாட்டுக்கு ஜன்னலைத் திறந்து, இரண்டு பெட்டிகளையும் ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன்.

இந்த ரோட்டில் வரும் இரத்தோட்டை பஸ்ஸில் போகிறவர்கள் யார் காதிலாவது விழுந்தால் இறங்கி வாருங்கள். நடு நாற்காலியை விட்டுத் தருகிறேன்.