கயிறு ஏட்டு

கேட்டில் ஒரு முடிச்சு, எதிரே விளக்குக் கம்பத்தில் ஒரு முடிச்சு. அங்கிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கிறார் ஏட்டு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தாமாக விலகுகிறார்கள்.

"திருடு போனது ஒரு ரூம்ல. ஏன்யா தெருவையே கட்டுறே?" என்கிறார் இன்ஸ்பெக்டர்.

"பெருசா கட்டினா அப்புறம் சுருக்கிக்கலாம் சார். சின்னதா கட்டிட்டா, பாதித் தடயம் அவனவன் செருப்போட வீட்டுக்குப் போயிரும்."

ஸ்டேஷனில் அவருக்குக் கயிறு ஏட்டு என்று பெயர். திருட்டோ கொலையோ, முதலில் போய் இடத்தை வளைத்துக் கட்டுவதும், உள்ளே செல்ல ஒரே ஒரு வழி விடுவதும், அந்த வழியில் நின்று யார் போனார், எதற்குப் போனார் என்று எழுதுவதும் அவர் வேலை. எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் நோட்டை நீட்டுவார். "கண்டுபிடிக்கிற மூளையெல்லாம் உள்ள போகும் சார். வாசல்ல நிக்கிற கழுதை நான்" என்று தானே சொல்லிச் சிரிப்பார், கையெழுத்து வாங்காமல் விடமாட்டார்.

ஈரத்துணியைக் காகிதப் பையில்தான் போடுவார். பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடித்துவிடும். கண்ணாடித் துண்டை ஓரம் பிடித்து எடுப்பார். வீட்டில் டம்ளரையும் அப்படியே பிடித்துக் கீழே போடுவார். ஒருமுறை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது, "யாரும் எதையும் தொடாதீங்க!" என்று கத்தியிருக்கிறார். மனைவி துணியை அவர் கையில் திணித்து, "குற்றவாளி நான்தான், ஒத்துக்கிட்டேன். தொடைங்க" என்றாராம். இதையும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர் அவரேதான்.

போன மாதம் ஒரு கடையில் திருட்டு. பின் ஜன்னலுக்குக் கீழே ஈரமண்ணில் ஒரு பூட்ஸ் தடம். மழை தூறியதும் எங்கிருந்தோ ஒரு தொட்டியை வாங்கி வந்து கவிழ்த்து, அதைக் காப்பாற்றியவர் ஏட்டு. அச்சு எடுத்துப் பார்த்தால், வலது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்த பூட்ஸ். கடைக் காவலாளியின் பூட்ஸும் அதே அளவு; அதுவும் தேய்ந்துதான் இருந்தது. பூட்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவரை லாக்கப்பில் வைத்தார்கள். "நான் முன்வாசலை விட்டு நகரவே இல்லீங்க" என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஏட்டின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஏட்டு பெருமை தாங்காமல், வீட்டுக்குப் போனதும் அச்சின் படத்தைச் செல்போனில் மனைவிக்குக் காட்டினார். தரை துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது உங்க காலு."

"உளறாதே."

"கல்யாணமானதுலேருந்து இதைத்தான் தொடைச்சிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? அந்த ஜன்னல்கிட்ட உங்களுக்கு என்ன வேலை?"

கயிற்றின் கடைசி முடிச்சுக்கு அங்கே வேறு பிடி கிடைக்கவில்லை. ஜன்னல் கம்பியில்தான், காலை அழுந்த ஊன்றி, இழுத்துக் கட்டியிருந்தார். கயிற்றைத் தாண்டிய எல்லோர் பெயரும் நோட்டில் இருந்தது. கட்டியவர் பெயர் இல்லை.

"சொன்னா ஸ்டேஷனே சிரிக்கும்டி."

"அந்தக் காவலாளி பொண்டாட்டி இப்ப என்ன சிரிச்சுக்கிட்டா இருப்பா?"

அப்படியே ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனார். பூட்ஸைக் கழற்றி, காகிதம் விரித்து, இன்ஸ்பெக்டர் மேஜைமேல் வைத்தார். "சார், காலுக்குச் சொந்தக்காரன் கிடைச்சுட்டான். இத்தனை வருஷமா உங்ககிட்டதான் சம்பளம் வாங்கிட்டிருக்கான்."

அச்சையும் பூட்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தேய்மானம் அப்படியே பொருந்தியது. ஸ்டேஷன் ரைட்டர் சிரித்த சிரிப்பில் பேனா உருண்டு கீழே விழுந்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஏட்டு தன் பூட்ஸைத் தானே பையிலிட்டு முத்திரை வைத்தார். கைப்பற்றியவர், உடைமைக்காரர் என்ற இரண்டு இடத்திலும் அவர் கையெழுத்து. "ரெண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கேன்னு சந்தேகப்பட்டு இன்னொருத்தனைப் பிடிச்சிராதீங்க சார்" என்றார். அதற்கு ரைட்டர்கூடச் சிரிக்கவில்லை.

காவலாளியை வெளியே விட்டார்கள். அவர் படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டு வெறுங்காலோடு அலமாரிக்குப் போய், காவலாளியின் பூட்ஸை எடுத்து வந்து அவர் முன் வைத்தார். காவலாளி காலை நீட்டவில்லை. ஏட்டு மண்டியிட்டு, லேஸைத் தளர்த்தி, பூட்ஸின் வாயை இரு கையாலும் விரித்துப் பிடித்தபடி காத்திருந்தார்.