கேட்காமலே போட்ட ‘இல்லை’

பைறோஸாவை எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் பிடிக்காது. கொள்ளுப்பிட்டியில் மூன்றாம் மாடியில் இருந்த அந்தச் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடம் வேலை செய்தாள். பகல் சாப்பாட்டுக்கு யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. காரணம், எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த அவள் எழுதிய ‘லைப்ரரி’ என்ற பொது நிரல் தொகுப்பு.

மற்றவர்களின் புரோகிராம்கள் அதை வைத்துத்தான் ஓடின. ஒரு விபரம் சில வேளை கிடைக்காமல் போகலாம் என்றால், அதை அவள் ஒரு மூடிய பெட்டி போல ஆக்கிவிடுவாள். உள்ளே ஏதும் இருக்கிறதா, வெறுமையா என்று திறந்து பார்க்காமல் எழுதினால் புரோகிராம் ஓடாது. ஒரு தனியார் கிளினிக்குக்கான வேலையில், நோயாளியின் மருந்து ஒவ்வாமை விபரத்தையும் அப்படி மாற்றினாள். மறுநாள் குழுத் தலைவர் சாரங்கனின் திரையில் நாற்பத்தொரு பிழைகள்.

“என்ன விசர் வேலை இது? ரெண்டு மணிக்குக் கிளினிக்குக்குக் குடுக்கவேணும். வெறுமையா இருந்தா ‘இல்லை’ எண்டு காட்டட்டும். முடிஞ்சுது.”

“வெறுமை எண்டா நோயாளிட்ட கேக்கவே இல்ல. அதுக்குள்ள ‘இல்லை’ எண்டு போட ஏலா. டொக்டர் அத நம்பி ஊசி போட்டா?”

“எங்கட அப்பா கச்சேரியில அரசாங்க உத்தியோகத்தில முப்பது வருசம் இருந்தவர். படிவத்தில ஒரு கட்டத்தையும் வெறுமையா விடக்கூடாது எண்டுதான் எங்களைப் பழக்கினவர்.”

“அப்ப அந்த ஊசிய உங்கட அப்பாவுக்கே போடுங்க.”

யாரோ சிரித்துவிட்டார்கள். சாரங்கனின் முகம் கறுத்தது. வெறுமைக்கு ‘இல்லை’ என்று வரும்படி லைப்ரரியைத் தானே திருத்தி, அவளுடைய சம்மதத்துக்கு அனுப்பினார். அவள் சம்மதிக்காமல் எதுவும் வெளியே போகாது. அவள் மறுத்துவிட்டாள். அவர் நேரே முதலாளி நப்ரீஸிடம் போனார்.

நப்ரீஸ் வந்து அவளுடைய மேசையில் கையை ஊன்றினார். “தங்கச்சி, சம்மதம் குடுங்க. இல்லாட்டி அந்த உரிமைய சாரங்கனுக்குக் குடுப்பன்.”

“குடுங்க.”

கொடுத்தார். இரண்டு மணிக்குச் சாரங்கனின் திருத்தம் கிளினிக்குக்குப் போனது. உடனே பைறோஸா தன் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டு, கிளினிக்கின் தலைமைத் தாதியை அழைத்தாள்.

“மிஸ், திரையில ஒவ்வாமை ‘இல்லை’ எண்டு வந்தா நம்ப வேணாம். கேக்காத ஆக்களுக்கும் அப்பிடித்தான் வரும்.”

“என்ன பிள்ளை சொல்றீர்? அப்ப எங்களுக்கு இது வேண்டாம். சரியாக்கித் தாங்கோ.”

நப்ரீஸ் கதவைக் காட்டினார். அவள் பையை எடுத்தாள். ஒருவரும் எழும்பவில்லை, நானும்தான். சாரங்கன் அவளைத் திரும்பிப் பார்க்காமல், அவளுடைய லைப்ரரியையே மறுபடி போட்டு, நாற்பத்தொரு பிழைகளில் முதலாவதைத் திறந்தார்.