இருபத்துநாலு சுற்று

1996 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, பிற்பகல் மூன்று பத்து, விடாத தூறல். பேய், ஆவி எல்லாம் வேலையற்றவர்கள் பேச்சு என்று அந்த நிமிடம் வரை சொல்லிவந்தவன் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் சரி, வாதாட எனக்குத் தெம்பில்லை.

என் மகன் சேகர் பேங்க் வேலையை விட்டுவிட்டு, நான்கு பேர் கொண்ட ராக் பேண்டில் டிரம்ஸ் வாசித்தான். முதல் ஆல்பத்தில் எட்டுப் பாட்டு, ஏழு முடிந்திருந்தது. எட்டாவதை அன்று ஆறு மணிக்குள் பதிவு செய்து அனுப்பாவிட்டால் கேசட் கம்பெனி கைவிட்டுவிடும். அந்தப் பாட்டின் நடுவே கீபோர்டு மட்டும் இருபத்துநாலு சுற்று தனியாக வரும், சுற்றுக்கு ஏழு அடி. அது முடிந்ததும் மற்ற மூவரும் ஒன்றாகச் சேர வேண்டும். பதினொரு முறை தாளம் தப்பினார்கள்.

"அங்கிள், நீங்க படிக்கட்டக்கூட எண்றவராச்சே, இத எண்ணிக் கைய எறக்குங்களேன்," என்றான் பேஸ் கிடார் ஸ்டான்லி.

"கூலி என்னடா?"

"ஒரு டீ, ரெண்டு பன்னு."

ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு இன்ஜினியர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, இடக்கை விரல் கணுக்களில் எண்ணி, வலக்கையை இறக்கினேன். இருமுறை இருமல் வந்து நானும் கெடுத்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி, சிறுநீரை அடக்க முடியவில்லை. "வரேன் இருங்க" என்று முற்றத்தைக் கடந்து கழிப்பறைக்குப் போனேன். ஆறு நிமிடம்.

திரும்பினால் நால்வரும் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள்.

"கரெக்டா எறக்கினீங்க அங்கிள்!"

"நான் இங்க இல்லையேடா."

"என் பக்கத்துலதானே சார் நின்னீங்க," என்றார் இன்ஜினியர். நனைந்த சட்டையைக் காட்டினேன். சேகர் சிரித்தான். "சுள்ளு சொல்லாதப்பா." பொய்க்கு எங்கள் பெங்களூர்த் தமிழில் சுள்ளு.

அந்தப் பாட்டுதான் அவர்களைத் தூக்கிவிட்டது. தீபாவளிக்குள் பெங்களூரில் அது ஒலிக்காத காலேஜ் இல்லை. வீட்டில் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். கீபோர்டுக்கு அடியில் என் குரல் மெல்ல எண்ணுகிறது. சேகருக்குக் கேட்கவில்லை, யாருக்குமே கேட்கவில்லை. அந்தக் கேசட்டில்தான் கோளாறு என்று இன்னொன்று வாங்கினேன். பிறகு இன்னொன்று.

போன வருஷம் எனக்கு மேல்வரிசைப் பல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். போன வாரம் வாங்கிய கேசட்டில் எண்ணுகிறவனுக்கும் மேல்பல் இல்லை, வார்த்தை வழுக்குகிறது.

இதுவரை நாற்பத்தொரு கேசட், ஒன்று முப்பத்தைந்து ரூபாய். ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து.