தள்ளி ஏற்றிய கற்பூரம்

2006 அல்லது 2007 இருக்கும். திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருந்தேன். கோவளம் பக்கத்துக் கழிமுகத்தில் ஓடி ஓய்ந்த ஓர் இழுவைப் படகை, வெட்டி இரும்பாக விற்கலாம் என்று வாங்கினேன். லாரியில் அது பல்லாவரம் வழியாக வந்தபோது ஊரே வேடிக்கை பார்த்ததாம்.

முதல் ஓனர் அதை வைத்துத் தூர்வாரும் மிதவையை இழுத்திருக்கிறார். இரண்டாமவர் பாலம் கட்டும் இடத்துக்கு ஜல்லி இழுத்தார். மூன்றாமவர் ரிசார்ட்காரர்; விருந்தாளிகள் உட்காரும் தெப்பத்தை இழுக்க வைத்துக்கொண்டார். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வெறும் கூட்டை எனக்கு விற்றவர் அவர்தான்.

என் மனைவியின் தம்பிதான் பட்டறையில் கேஸ் கட்டிங் பார்த்தான். வெட்டுவதற்கு முன் டீசல் டேங்கைக் கழுவித் தண்ணீர் நிரப்புவது எங்கள் தொழிலில் பாலபாடம். படகின் பின்பக்கம் இருந்த டேங்குக்கு அதை ஒழுங்காகச் செய்தோம். எல்லாம் தெரிந்தவன் என்ற மிதப்பு எனக்கு.

மறுநாள் காலை வெட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். மூன்று ஓனரிடமும் அந்தப் படகை ஓட்டியவராம். படகு கைமாறும்போதெல்லாம் அவரும் கூடவே கைமாறியிருக்கிறார். உடைக்கும் முன் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுப் போகிறேன் என்றார். வேலை கெடுகிறதே என்று எனக்கு எரிச்சல். "ரெண்டு நிமிஷத்துல முடிங்க" என்றேன்.

அவர் படகின் மூக்கைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு விறுவிறுவென்று கேட் வரை நடந்துபோய், அங்கே தரையில் கற்பூரத்தை ஏற்றினார். மைத்துனன் அதற்குள் முன்தளத்தில் ஏறி உட்கார்ந்து, கட்டரைப் பற்றவைக்க லைட்டரை எடுத்துவிட்டான். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

"ஏங்க, படகுலயே ஏத்த வேண்டியதுதானே?" என்று கேட் பக்கம் பார்த்துச் சும்மாதான் குரல் கொடுத்தேன்.

"அதுகிட்ட நெருப்பு காட்டக் கூடாது சார். முன்னாடி ரூம்ல பெட்ரோல் டேங்க் கீது. ரிசார்ட்டு ஓனர் பெட்ரோல் எஞ்சின் மாத்துனப்ப வெச்சது. இன்னா, அவுரு சொல்லலியா?"

"டேய், இறங்குடா" என்று நான் போட்ட சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அவர்தான் வந்து, தரைப்பலகைக்கு அடியில் இருந்த மூடியைக் காட்டினார். திறந்ததும் குப்பென்று முகத்தில் அடித்தது பெட்ரோல் வாடை. அடியில் கொஞ்சம்தான் மிச்சம்; மேலே முழுக்க ஆவி. ஒரு பொறி போதும். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மைத்துனன் சிரித்தான், பிறகு அழுதான். அவனை உயிரோடு பார்த்ததில் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. "பயப்படாத சார், ரொம்ப நல்ல படகு. யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்று ஒரு டீ வாங்கிவந்து என் கையில் கொடுத்தார் அவர்.

இன்றைக்கும் பழைய வண்டியோ மெஷினோ வாங்கினால், விற்பவரிடம் பேசி முடித்த கையோடு, அதை ஓட்டியவர் யார் என்று தேடிப் போகிறேன். அன்று அவர் இரண்டு பஸ் மாறி வந்திருக்காவிட்டால், தேடிப் போக நான் இருந்திருக்க மாட்டேன்.